பழைய வீட்டுக்குக் குளிர்காலக் காப்பு: அமெரிக்காவின் வெதரைசேஷன் திட்டம்

கூரை விளிம்பில் ஈட்டி ஈட்டியாகப் பனிக்கட்டி தொங்குவது பார்க்க அழகுதான். ஆனால் வீட்டுக்குள் இருக்க வேண்டிய சூடு கூரை வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே அடையாளம். அட்டிக்கில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள பரணில், ஏறும் சூட்டில் மேலே கிடக்கும் பனி உருகி, குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணைபோல் நின்றுவிடும். அதன் பின்னால் தேங்கும் நீர் கூரைக்கு அடியில் புகுந்து உட்சுவரில் இறங்கும்.

இத்தகைய வீடுகளில் குறைந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்காக 1976-இல் சட்டமாக வந்ததுதான் வெதரைசேஷன் அசிஸ்டன்ஸ் புரோகிராம், அதாவது வீட்டிலிருந்து சூடு வீணாகாமல் காக்க உதவும் திட்டம். மத்திய எரிசக்தித் துறையின் நிதி மாநிலங்கள் வழியாக உள்ளூர் அமைப்புகளுக்குப் போகிறது. உங்கள் கைக்குப் பணம் வராது. வீட்டில் வேலை நடக்கும்.

குடும்ப வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டு அளவைப்போல் இரண்டு மடங்குக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். எஸ்எஸ்ஐ என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான மத்திய அரசு உதவித்தொகை பெறுபவர்களும் தகுதியுள்ளவர்களே. முதியோர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு முன்னுரிமை. வாடகைக்கு இருக்கிறோமே என்று ஒதுங்க வேண்டாம். உரிமையாளர் சம்மதித்தால் போதும்.

முதலில் வீட்டில் சூடு எங்கே வீணாகிறது என்று சோதிக்கும் ஆடிட்டர் வருவார். வாசற்கதவில் பெரிய விசிறியைப் பொருத்தி உள்காற்றை வெளியே இழுப்பார். எந்தெந்த இடுக்கில் குளிர்காற்று சீறி நுழைகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் பாதுகாப்பாக எரிகிறதா என்றும் பார்ப்பார். அதன் பிறகுதான் வேலைப் பட்டியல். செலவிடும் தொகைக்குக் குறையாமல் எரிபொருள் செலவு மிச்சமாக வேண்டும் என்பது கணக்கு. அதனால் சூடு வெளியேறாமல் தடுக்க அட்டிக்கில் போடும் இன்சுலேஷனும் இடுக்கு அடைப்பதும் முன்னே நிற்கும். புது ஜன்னல் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஏமாற்றமாக இருந்தாலும் கணக்கு நியாயமானது.

பழைய வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒழுகும் கூரை, பரவிய பூஞ்சை, ஆபத்தான பழைய வயரிங் இவற்றில் ஏதாவது இருந்தால் வேலையை ஒத்திவைத்துவிடுவார்கள். ஈரத்தின் மேல் இன்சுலேஷனைப் போட்டு மூடினால் மரம் உளுத்துப்போகும், வேறு வழியில்லை. அந்தப் பழுதைச் சரிசெய்யத் தனி நிதி இருக்கிறதா என்று அதே அமைப்பிடம் கேளுங்கள்.

விண்ணப்பத்தைக் கோடையிலேயே கொடுத்துவிடுவது நல்லது. காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கக்கூடும். நடுக்குளிரில் ஃபர்னஸ் நின்றுபோனால் இந்த வரிசையை நம்பி உட்கார வேண்டாம். குறைந்த வருமானக் குடும்பங்களின் எரிபொருள் கட்டணத்துக்கு உதவும் லைஹீப் (LIHEAP) என்ற தனித் திட்டத்தில் அவசர உதவி உண்டு, அதைக் கேளுங்கள்.