பாய்லருக்குள் தண்ணீர் போவது எப்படி?

போன வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய மகள் வேல்ஸில் படிக்கிறாள். சனி, ஞாயிறுகளில் அங்கே ஒரு பழைய நீராவி ரயிலில் சம்பளமில்லாத வேலைக்குப் போகிறாளாம். "வீடியோ காலில் கரி பூசிய முகத்தோடு சிரிக்கிறாள். படிக்க அனுப்பினால் சாம்பல் அள்ளுகிறாளே என்று இவர் ஒரு பக்கம் புலம்பல். அது கிடக்கட்டும். அவள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பாய்லருக்குள் அவ்வளவு அழுத்தம் இருக்கும்போது புதுத் தண்ணீர் எப்படி உள்ளே போகிறது? பம்பும் இல்லை, மோட்டாரும் இல்லையாம். போன வாரம் தண்ணீர் ஏறவில்லை என்று டிரைவர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஏதோ பித்தளைச் சாமான் மேல் ஊற்றினாராம், உடனே சரியாகிவிட்டதாம். அது என்ன?"

எந்த ரயில் என்று அவர் எழுதவில்லை. வேல்ஸில் இப்படித் தன்னார்வலர்கள் நடத்தும் ரயில்கள் பல உண்டு. தன்னார்வலர்கள் கைக்கு வந்ததில் எல்லாவற்றுக்கும் மூத்தது டாலிலின் ரயில்வே. மலையிலிருந்து சிலேட்டுக் கல்லை இறக்க 1860களில் போட்ட பாதை. தண்டவாளங்களுக்கு இடையே 686 மில்லிமீட்டர்தான். 1946இல் குவாரி மூடியது. உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தான் இருக்கும்வரை ரயில் ஓடும் என்று சொல்லி, சொன்னபடியே நஷ்டத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். 1950இல் அவர் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் டாம் ரோல்ட் என்ற எஞ்சினியரும் நண்பர்களும் பர்மிங்ஹாமில் கூட்டம் போட்டு ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் ரயில் கிளம்பியது. ஓடும் நிலையில் இருந்தது டோல்காக் என்ற ஒரே ஒரு எஞ்சின். 1866இல் செய்தது. துணைக்குப் பக்கத்து ஊர் ரயிலின் இரண்டு பழைய எஞ்சின்களை அரசு ரயில்வேயிடமிருந்து வாங்கினார்கள். விலை, இரண்டுக்கும் சேர்த்து ஐம்பது பவுண்ட்! உலகிலேயே தன்னார்வலர்கள் காப்பாற்றி ஓட்டிய முதல் ரயில் அதுதான். இன்றும் ஓடுகிறது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். கரி எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, நீராவி பிஸ்டனைத் தள்ளுகிறது, சக்கரம் சுழல்கிறது. இது பள்ளியில் படித்ததுதான். படத்தில் காட்டாத ஒன்று உண்டு: பிஸ்டனைத் தள்ளிய நீராவி புகைபோக்கி வழியாக வெளியே போய்விடுகிறது, திரும்பி வருவதில்லை. 'குப் குப்' என்ற சத்தமே அதுதான். ஆகவே பாய்லரில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கும். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நின்றாக வேண்டும். கீழே ஆயிரம் டிகிரிக்கு மேல் நெருப்பு. மேலே தண்ணீர் இருக்கும்வரை தகடு தாங்கும். தண்ணீர் இறங்கினால் உலோகம் இளகும், பாய்லர் அழுத்தம் அதைக் கிழித்துக்கொண்டு கீழே வரும். 1995 ஜூனில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு சுற்றுலா நீராவி ரயிலில் இப்படித்தான் நடந்தது. எஞ்சினில் இருந்த மூன்று பேர் வெந்துபோனார்கள். உயிர் தப்பியது அதிர்ஷ்டம். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயின் வழி உப்புப் படிந்து அடைத்திருந்தது. அதனால்தான் தன்னார்வலருக்குச் சொல்லும் முதல் பாடம், 'கண்ணாடியைப் பார்.' நெருப்பு அப்புறம்.

ஆரம்பகால எஞ்சின்களில் தண்ணீர் ஏற்றப் பம்பு இருந்தது. சக்கரத்தோடு இணைந்திருந்ததால் வண்டி ஓடினால்தான் அதுவும் வேலை செய்யும். ஸ்டேஷனில் அதிக நேரம் நின்றுவிட்டால் வண்டிப்பெட்டிகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினை மட்டும் முன்னும் பின்னும் ஓட்டித் தண்ணீர் ஏற்றுவார்களாம். பசித்த குழந்தைக்குச் சோறூட்டத் தெருவெல்லாம் தூக்கிக்கொண்டு அலைவதைப் போல.

இந்த அலைச்சலுக்கு முடிவு கட்டியவர் ஆன்ரி ஜிஃபார் என்ற பிரெஞ்சுக்காரர். 1852இல் நீராவி எஞ்சின் பொருத்திய ஆகாயக் கப்பலில் பாரிஸிலிருந்து பறந்த அதே ஆள்தான். 1858இல் அவர் காப்புரிமை பெற்ற கருவியின் பெயர் இன்ஜெக்டர். வெண்கல உறைக்குள் வரிசையாக மூன்று கூம்புகள். ஓடும் எஞ்சினில் சுழல்வதோ தள்ளுவதோ எதுவும் இதில் கிடையாது. பாய்லரின் நீராவியையே எடுத்து, அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது. தன் தோளில் தானே ஏறிக்கொள்வது மாதிரி இருக்கிறதல்லவா? அந்தக் காலத்து எஞ்சினியர்களுக்கும் அப்படித்தான் பட்டது. இது சக்தியே கொடுக்காமல் ஓயாமல் ஓடுமாம் என்கிற 'நித்திய இயக்க எந்திரம்', நம்பாதே என்றார்கள்.

நம்பலாம். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாய்லருக்குள் 10 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். அதை எதிர்த்து உள்ளே நுழையத் தண்ணீருக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? வெளியே ஒரு பார் காற்றழுத்தம், வித்தியாசம் 9 பார். கணக்குப் போட்டால் நொடிக்கு 42 மீட்டர், அதாவது மணிக்கு 150 கிலோமீட்டர். நல்ல வேகப்பந்து வீச்சாளரின் பந்து. தண்ணீரை அந்த வேகத்தில் வீசத் தெரிந்தால் பாய்லரின் கதவு திறந்துவிடும்.

வீசுவது யார்? முதல் கூம்பு. பாய்லர் நீராவி அதன் குறுகிய வாய் வழியாக விரிந்து வெளியேறும்போது, தன் வெப்பத்தில் ஒரு பகுதியை வேகமாக மாற்றிக்கொள்கிறது. நல்ல வடிவமுள்ள கூம்பில் நொடிக்கு ஏறக்குறைய 880 மீட்டர். காற்றில் ஒலி போவதைவிட இரண்டு மடங்குக்கு மேல்.

இரண்டாவது கூம்பில்தான் வித்தை. தொட்டியிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர் இங்கே நீராவியைச் சந்திக்கிறது. பட்டவுடன் நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது. 10 பாரில் ஒரு கிலோ நீராவி ஏறக்குறைய 194 லிட்டர் இடம் பிடிக்கும். தண்ணீரானால் ஒரே லிட்டர். அவ்வளவு பெரிய உடம்பு சொட்டாகச் சுருங்கிவிடுகிறது, ஆனால் எடை அப்படியே இருக்கிறது. எடையும் வேகமும் இருந்தால் உந்தமும், அதாவது மோதியதைத் தள்ளிக்கொண்டு போகும் பலமும், இருக்கும். கபடியில் பாய்ந்து வரும் ஆளை நாலு பேர் கட்டிப் பிடித்தாலும் மொத்தக் கூட்டமும் சேர்ந்து கோட்டை நோக்கிக் கொஞ்சம் சரியுமே, அதேதான். ஒரு கிலோ நீராவி 12 கிலோ தண்ணீரைக் கட்டிப்பிடிக்கிறது என்றால், 880ஐ 13ஆல் வகுக்க வேண்டும். நொடிக்கு 68 மீட்டர் வேகமுள்ள வெந்நீர்த் தாரை. வேண்டியது 42. உராய்வில் கொஞ்சம் போனாலும் மிச்சம் இருக்கிறது.

மூன்றாவது கூம்பு முன்னே போகப் போக அகலமாகிறது. தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமெடுக்கும். இங்கே நேர் எதிர். அகலத்தில் வேகம் குறைகிறது, குறைந்த வேகம் அழுத்தமாகிறது. அது பாய்லர் அழுத்தத்தைத் தாண்டியதும் ஒருவழி வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு தண்ணீர் உள்ளே போகிறது.

சக்தி எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி என்றால், வெப்பத்திலிருந்து. ஒரு கிலோ தண்ணீரை அந்த அழுத்தத்துக்குள் தள்ள ஒரு கிலோஜூல்கூட வேண்டாம். ஒரு கிலோ நீராவி தண்ணீராகும்போது விடும் வெப்பமோ ஏறத்தாழ 2,000 கிலோஜூல். யானைப் பசிக்குச் சமைத்த சோற்றில் காக்கைக்கு ஒரு பிடி. மீதி வெப்பமும் எங்கும் போகவில்லை. தண்ணீரைச் சூடாக்கி அதனுடனேயே பாய்லருக்குத் திரும்பிவிடுகிறது. மோதலில் இழந்த வேகம்கூட வெப்பமாகி உள்ளேதான் போகிறது. இவ்வளவு சிக்கனமான பம்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தண்ணீரில் ஓடும் பைக், மின்சாரமில்லாமல் சுற்றும் ஜெனரேட்டர் என்று மாதம் ஒரு வீடியோவை யாராவது எனக்கு அனுப்புகிறார்கள். ஜிஃபாரிடம் கேட்ட கேள்வியையே அவர்களிடமும் கேளுங்கள்: சக்தி எங்கிருந்து? அவரிடம் பதில் இருந்தது.

குன்னூர் ஸ்டேஷனில் நீலகிரி ரயிலின் எஞ்சினுக்கு அடியில் தண்ணீர் கொட்டி, சட்டென்று நிற்பதைப் பார்த்து, பழுது போலிருக்கிறது என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருக்கிறேன். பழுதில்லை. இன்ஜெக்டரைத் திறந்தவுடன் தாரைக்குப் போதிய வேகம் கிடைக்கும்வரை தண்ணீர் பக்கக் குழாய் வழியாகக் கீழே வழியும். தாரை 'பிடித்ததும்' ஒழுகல் நின்று, ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். பழகிய ஃபயர்மேன் (எஞ்சினில் நெருப்பையும் தண்ணீரையும் கவனிப்பவர்) எட்டிப் பார்க்கக்கூட மாட்டார். காதிலேயே தெரிந்துவிடும். இதையெல்லாம் புத்தகத்தில் படித்து வரவழைக்க முடியாது. வேல்ஸில் எஞ்சின் துடைக்கும் வேலையிலிருந்து ஃபயர்மேன் ஆகவும், அங்கிருந்து டிரைவர் ஆகவும் வருடக்கணக்காவது அதனால்தான்.

கை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனிலேயே சாட்சி இருக்கிறது. ஒரு தன்னார்வ அறக்கட்டளை 1990இல் ஆரம்பித்து, பழைய வரைபடங்களை வைத்துப் புத்தம் புதிதாக 'டொர்னாடோ' என்ற பெரிய எஞ்சினைச் செய்தது. 2008இல் முடிந்தது. ரயிலைப் பெற்ற நாட்டில் அதற்குப் பாய்லர் செய்ய ஆளில்லை. ஜெர்மனியின் மைனிங்கன் பணிமனையில் செய்து கொண்டுவந்தார்கள். நம் ஊரில் அந்தக் கை இன்னும் இருக்கிறது. 1855இல் செய்த எஞ்சினை 2010இல் பெரம்பூரில் ஓட வைத்தார்கள். மலை ரயிலுக்குப் பொன்மலையில் புது நீராவி எஞ்சினே செய்தார்கள். ஆனால் எல்லாம் ரயில்வே ஊழியர்களோடு நிற்கிறது. பாலிடெக்னிக் பிள்ளைகளை வாரம் ஒருநாள் உள்ளே விட்டால் என்ன குறைந்துவிடும்? விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் பத்துப் பிள்ளைகளுக்குக் கையுறையும் காலணியும் வாங்கிவிடலாம்.

இனி அந்த வாளித் தண்ணீர். நீராவி சட்டென்று குளிர்ந்து சுருங்கினால்தான் இரண்டாவது கூம்பின் வித்தை பலிக்கும். நீராவி வால்வு லேசாகக் கசிந்தால், மூடியிருக்கும் நேரத்திலும் இன்ஜெக்டர் சூடேறிக்கொண்டே இருக்கும். அதற்குள் வரும் தண்ணீரும் சூடாகிவிடும், நீராவி சுருங்காது, தாரை பிடிக்காது. கூம்பில் உப்புப் படிந்தாலும், குழாய் இணைப்பில் காற்று புகுந்தாலும் இதே தொல்லைதான். உப்பு என்றால் கழற்றி, லேசான அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவார்கள். நம் வீட்டில் பித்தளைக் குடத்துக்குப் புளி போடுகிற மாதிரி. சூடு என்றால் ஒரு வாளித் தண்ணீர் போதும். வால்வைப் பழுதுபார்க்கும்வரை அந்த வாளியை நிரப்பி வைப்பது உங்கள் மகளின் வேலையாக இருக்கும்.