வெத்து பித்தளைக் கூடும் சட்டத்துல தோட்டா தான்: அமெரிக்கால வீட்டுல ரீலோடிங், அனீலிங் பண்றவங்களுக்கான ரூல்ஸ்

போன வருஷம் கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தர் ஷூட்டிங் ரேஞ்சுக்கு போயிட்டு வந்து, அங்க தரையில கிடந்த பித்தளைக் கூடு ஒண்ண ஞாபகார்த்தமா எடுத்துட்டு வந்து ஆபீஸ் மேசையில நிறுத்தி வெச்சிருந்தாரு. சுட்டு முடிச்ச வெத்து கூடு தானே, உள்ள மருந்தும் இல்ல குண்டும் இல்ல, இதுல என்னண்ணே இருக்குன்னாரு. அவரு இருக்கறது எச்1பி விசால. அன்னைக்கு அவர்கிட்ட உக்காந்து சொன்னத தான் இங்க எழுதுறேன், ஏன்னா இந்த ஒரு விஷயம் தெரியாம மாட்டிக்க கூடாது.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். 1968ல வந்த கன் கன்ட்ரோல் ஆக்ட், அது அமெரிக்க சட்டத் தொகுப்புல பதினெட்டாவது டைட்டில்ல இருக்கு, அங்க 921ஆவது பிரிவுல அம்யுனிஷன்னா என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. முழு தோட்டா மட்டும் இல்ல, பித்தளைக் கூடு, பிரைமர் (அடியில இருக்கற, தட்டினா பொறி வர்ற சின்ன மூடி), புல்லட் (முன்னாடி பாயற குண்டு), பவுடர் (மருந்து) இது நாலும் தனித்தனியா இருந்தாலும் அம்யுனிஷன் தான். அதாவது ஒரு முழு தோட்டாவ வெச்சிருக்க கூடாதுன்னு சட்டம் யார தடுக்குதோ அவங்க வெத்து கூடு வெச்சிருந்தாலும் கணக்கு ஒண்ணு தான்.

தடை இல்லாத ஆளா இருந்தா விஷயம் ரொம்ப சுலபம். சிட்டிசனோ கிரீன் கார்டோ இருந்து, சொந்தமா சுடறதுக்காக வீட்டுல ரீலோடிங் (சுட்ட கூட்டுல மறுபடி பிரைமர், பவுடர், புல்லட் போட்டு தோட்டா ஆக்கறது) பண்ணீங்கன்னா ஃபெடரல் லைசென்ஸ் எதுவும் தேவையில்ல. துப்பாக்கி விஷயங்கள பாத்துக்கற ஃபெடரல் ஏஜென்சி ஏடிஎஃப் இத நேராவே சொல்லுது, ரீலோட் பண்ணி அத வித்து பொழப்பு நடத்தினா லைசென்ஸ் வேணும், தனக்காக மட்டும் பண்ணா வேணாம். விக்கணும்னா அதுக்கு டைப் 06 லைசென்ஸ், 3 வருஷத்துக்கு 30 டாலர் தான் கட்டணம், ஆனா அதோட முடியல, தயாரிச்சு விக்கற தோட்டாக்கு 11 சதவீதம் எக்சைஸ் வரி இருக்கு (அந்தப் பணம் 1937ல வந்த ஒரு சட்டப்படி காட்டு விலங்கு பாதுகாப்புக்கு போகுது, அது எனக்கு பிடிச்ச விஷயம்). ஃப்ரெண்ட்ஸுக்கு பண்ணி குடுத்துட்டு காசு வாங்கிக்கலாம்னு ஆரம்பிச்சு மாசா மாசம் அதையே பண்ணிட்டு இருந்தா அது வியாபாரம் தான், பேரு என்ன வெச்சாலும்.

இப்போ அனீலிங்குக்கு வர்றேன். கூட்ட செய்யற பித்தளை 70 பங்கு தாமிரம் 30 பங்கு துத்தநாகம். ஒவ்வொரு தடவ சுடும்போதும் கூடு விரியும், அப்புறம் நாம டைங்கற அச்சுல குடுத்து அமுக்கி பழைய அளவுக்கு கொண்டு வருவோம், இப்படி விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கி கழுத்து பக்கம் (புல்லட் உக்கார்ற ஒடுங்கின பகுதி) இறுகிப் போயிடும், ஒரு கம்பிய திரும்ப திரும்ப வளைச்சா எப்படி விறைச்சு கடைசில ஒடியுதோ அதே கதை தான், ஒரு நாள் பாத்தா கழுத்துல நீளவாக்குல மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருக்கும். அந்த இறுக்கத்த எடுக்க கழுத்தையும் தோளையும் (கழுத்துக்கு கீழ சரியற பகுதி) மட்டும் சில செகண்ட் சூடு பண்றது தான் அனீலிங். டிரில்ல ஒரு சாக்கெட்ட மாட்டி கூட்ட அதுக்குள்ள நிக்க வெச்சு மெதுவா சுத்த விட்டு, புரோபேன் டார்ச்சோட நீல நுனிய கழுத்துல காட்டுவாங்க. கழுத்துக்கு உள்பக்கம் 750 டிகிரி ஃபாரன்ஹீட்ல உருகற இன்டிகேட்டர் பெயிண்ட் ஒரு பொட்டு வெச்சிருந்தா அது பளபளன்னு உருகின உடனே எடுத்துடணும். அப்போ நீலமும் பழுப்புமா ஒரு நிறம் கழுத்துல இருந்து தோள் வரைக்கும் இறங்கி நிக்கும், மிலிட்டரி தோட்டால அப்படியே விட்டிருப்பாங்க, கடையில வாங்கறதுல பெரும்பாலும் பாலிஷ் பண்ணி எடுத்துடுவாங்க.

அடிப்பக்கம் மட்டும் சூடாகவே கூடாது. .308 மாதிரி ஒரு ரைஃபிள் தோட்டால உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர இஞ்ச்சுக்கு இத்தனை பவுண்ட்) வரைக்கும் போகும், அத தாங்கறது அந்த கெட்டியான அடி தான், அது இளகிப் போச்சுன்னா துப்பாக்கி உங்க முகத்துக்கு பக்கத்துல இருக்கும்போது வாயு பின்னால பீறிட்டு வரும். சூடு பண்ணிட்டு தண்ணில போடறது சூடு கீழ பரவாம இருக்கத் தானே தவிர, இரும்பு மாதிரி பித்தளை அதனால இறுகாது. சுடாத பிரைமர் உள்ள இருக்கற கூட்ட டார்ச் பக்கமே கொண்டு போகாதீங்க. பவுடர் டப்பா அந்த ரூம்லயே இருக்க கூடாது.

இதுல நம்ம நாட்டுக்கு ஒரு சம்பந்தம் உண்டு. பிரிட்டிஷ் காலத்துல இந்தியால மழைக்காலம் வந்தா தோட்டா கூடெல்லாம் தானா விரிசல் விட்டுச்சு, ஏன்னு யாருக்கும் புரியல. தோட்டாவ குதிரை லாயத்துல வெச்சிருந்ததும், குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியா ஈரக் காத்தோட சேர்ந்து இறுக்கம் நிறைஞ்ச பித்தளைய பிளந்ததும் 1921ல தான் தெளிவாச்சு. தீர்வு என்னன்னா இதே அனீலிங் தான். அதனால அமோனியா கலந்த கிளீனர்ல கூட்ட கழுவாதீங்க.

சட்டத்த பொறுத்த வரைக்கும், உங்க சொந்த கூட்ட உங்க சொந்த உபயோகத்துக்கு சூடு பண்றதுக்கு தனியா எந்த ஃபெடரல் பர்மிட்டும் கிடையாது. பிரச்சனை சூடு பண்றதுல இல்ல, கூடு யார் கையில இருக்குங்கறதுல தான்.

அது தான் நம்ம ஆளுங்களுக்கு முக்கியமான இடம். 922(ஜி)(5)ன்னு ஒரு பிரிவு, நான்-இமிக்ரன்ட் விசால (தற்காலிகமா தங்கறதுக்கான விசா) வந்தவங்க துப்பாக்கியோ அம்யுனிஷனோ வெச்சிருக்க கூடாதுன்னு சொல்லுது. எச்1பி, எச்4, எல்1, எஃப்1, ஜே1 எல்லாமே நான்-இமிக்ரன்ட் விசா தான். இதுக்கு விதிவிலக்கு உண்டு, அதுல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நடைமுறையில உதவறது ஏதாவது ஒரு ஸ்டேட் குடுத்த ஹன்டிங் லைசென்ஸ், அதுவும் தேதி முடியாம கையில இருக்கணும், முடிஞ்ச மறுநாள்ல இருந்து மறுபடி தடை தான். கிரீன் கார்டு வந்துட்டா இந்தத் தடை போயிடும். அப்ளை பண்ணிட்டு வரிசைல காத்திருக்கறது கிரீன் கார்டு இல்ல, இத நிறைய பேர் குழப்பிக்கறாங்க.

தண்டனை 2022 வரைக்கும் 10 வருஷம் இருந்தது, அந்த வருஷம் வந்த சட்டத்துல அதிகபட்சம் 15 வருஷம் ஆயிடுச்சு. அத விட மோசம், இந்தப் பிரிவுல கன்விக்‌ஷன் ஆனா இமிக்ரேஷன் சட்டத்துல அது அக்ரவேட்டட் ஃபெலனிங்கற கடுமையான குற்ற வகை, அப்புறம் இந்த நாட்டுல இருக்கறத பத்தி யோசிக்கவே வேணாம். இதெல்லாம் யாராவது நிஜமா பிடிக்கறாங்களான்னு கேக்கறவங்களுக்கு ரெஹைஃப் வழக்கு இருக்கு. ஸ்டூடன்ட் விசால ஃபுளோரிடாக்கு படிக்க வந்தவரு, மார்க் குறைஞ்சு யுனிவர்சிட்டில இருந்து எடுத்துட்டாங்க, அதனால விசா ஸ்டேட்டஸ் போச்சு, அதுக்கப்புறம் ரேஞ்சுக்கு போய் சுட்டாரு, கேஸ் ஆகி 18 மாசம் தண்டனை. 2019ல சுப்ரீம் கோர்ட் 7க்கு 2ன்னு அவரு பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, தடை செய்யப்பட்ட வகையில தான் இருக்கோம்னு அந்த ஆளுக்கு தெரிஞ்சிருந்துச்சுன்னு அரசாங்கம் நிரூபிக்கணும்னு. எச்1பில இருக்கறவருக்கு தன் விசா என்னன்னு தெரியாம இருக்குமா? அதனால அந்தத் தீர்ப்ப நம்பி உக்காராதீங்க.

ஸ்டேட் சட்டம் வேற தனியா இருக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. இல்லினாய்ஸ்ல ஃபாய்ட் கார்டு (துப்பாக்கி வெச்சுக்க அந்த ஸ்டேட் குடுக்கற அடையாள அட்டை) சட்டத்துல அம்யுனிஷன்னா முழு தோட்டா மட்டும் தான், மாசசூசெட்ஸ்லயோ கூடு, பிரைமர், பவுடர் எல்லாமே அதுல அடக்கம், அங்க லைசென்ஸ் கார்டு இல்லாம வெத்து கூடு கூட வெச்சுக்க முடியாது. வீடு மாறும்போது பிரஸ் (டைய அழுத்தற கருவி), டை எல்லாம் பேக் பண்றதுக்கு முன்னாடி போற ஸ்டேட்டோட விளக்கத்த ஒரு தடவ படிச்சுடுங்க.

சேமிச்சு வைக்கறதுக்கும் அளவு உண்டு. ஃபயர் கோடுகள் பின்பத்தற என்எஃப்பிஏங்கற தீ பாதுகாப்பு அமைப்போட 495ஆவது விதிப்படி வீட்டுல ஸ்மோக்லெஸ் பவுடர் 20 பவுண்ட் வரைக்கும் ஒரிஜினல் டப்பாவோட வெச்சுக்கலாம், அதுக்கு மேல 50 பவுண்ட் வரைக்கும்னா ஒரு இஞ்ச் கனத்துல மரப்பெட்டி வேணும், பிரைமர் 10,000 வரைக்கும். உங்க ஊர் ஃபயர் டிபார்ட்மென்ட் இத விட குறைவாவும் வெச்சிருக்கலாம், போன் பண்ணா சொல்லிடுவாங்க.

கடைசியா ஊருக்கு போறவங்களுக்கு. இந்தியாவோட 1959 ஆயுதச் சட்டத்துலயும் தோட்டாவோட பாகங்கள் தோட்டாங்கற விளக்கத்துக்குள்ளயே வருது. துணை பாகத்தோட சேர்த்து உபயோகிக்கற நோக்கம் இல்லாத சின்னப் பாகங்களுக்கு 45ஆவது பிரிவுல விலக்கு இருக்கு தான், ஆனா அத ஏர்போர்ட்ல எக்ஸ்ரே மெஷின் முன்னாடி நின்னு விளக்கற நிலைமை வேணாம். ரேஞ்சுக்கு ஒரு பை, ஊருக்கு வேற பைன்னு வெச்சுக்கோங்க, .22 கூடு சுண்டு விரல் நகம் அளவு தான் இருக்கும், பக்கவாட்டு ஜிப்புக்குள்ள தையல் மடிப்புல போய் உக்காந்துக்கும், பைய தலைகீழா கொட்டினா கூட விழாது, விரல விட்டு தடவி தான் பாக்கணும்.