பழைய பேட்டரியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்

டார்ச் லைட் எரியவில்லை. பேட்டரியை மாற்றுகிறோம், எரிகிறது. "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்று முடிவுகட்டிப் பழையதைத் தூக்கிப் போடுகிறோம்.

என் மாணவி ஒருத்தி அப்படிப் போடவில்லை. பழைய பேட்டரிகளையே மறுபடி உள்ளே வைத்து மூடியைத் திருகினாள். பளிச்சென்று எரிந்தது! கழற்றிப் பார்த்தோம். மூடிக்குள் இருந்த பித்தளைத் தகட்டில் பச்சையாகக் களிம்பு. மூடியைத் திருகித் திருகிக் களிம்பு உரசி விலகியதில் மின்சாரம் போக வழி கிடைத்திருக்கிறது. பேட்டரியின் மேல் குற்றமே இல்லை.

பேட்டரி மாற்றியபோது நாம் அறியாமலே இரண்டு காரியம் செய்திருந்தோம்: பேட்டரியும் மாறியது, மூடியும் திருகப்பட்டது. இரண்டும் ஒன்றாக நடந்தால் எது காரணம் என்று எப்படிச் சொல்வது?

கவனித்தல், கருதுகோள், சோதனை, முடிவு என்று பாடப்புத்தகம் வரிசையாகத் தருவதை ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். என்னைக் கேட்டால், அந்த வரிசையின் உயிர் அவள் செய்ததில்தான் இருக்கிறது. தன் ஊகம் தப்பென்றால் எங்கே மாட்டிக்கொள்ளும் என்று யோசித்து, அங்கேயே கைவைத்தாள்.

இது தானாக வருகிற பழக்கமல்ல. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் வெளியிட்ட ஒரு சோதனையை வகுப்பில் விளையாட்டாகவே நடத்தலாம். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லி, அவை விதிக்குப் பொருந்துமா என்று கேட்டு, விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். 8, 10, 12? பொருந்தும். 20, 22, 24? பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூடுகிறது!" தவறு. ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. தன் ஊகப்படி பொருந்தவே கூடாத 1, 2, 3-ஐ ஒரு தடவை கேட்டிருந்தால் அதற்கும் 'பொருந்தும்' என்றே பதில் வந்திருக்கும். ஊகம் அங்கேயே உடைந்திருக்கும். பெரும்பாலோர் கேட்பதில்லை.

சி. வி. ராமன் கேட்டார். 1921-ல் கப்பலில் வரும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. வானத்தின் நீலம் நீரில் பிரதிபலிப்பதுதான் அது என்று மாபெரும் இயற்பியலாளரான ராலே ஏற்கெனவே சொல்லியிருந்தார். ராமனிடம் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது; ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் உள்ளே விடும் படிகம் அது. நீர்ப்பரப்பில் குறிப்பிட்ட கோணத்தில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுகள் ஒரே தளத்தில் இருக்கும். பட்டகத்தைச் சரியாகத் திருப்பினால் அந்த ஒளியைத் தடுத்துவிடலாம். ராலே சொன்னது சரியென்றால் கூடவே நீலமும் மங்க வேண்டும். மங்கவில்லை, முன்னைவிட அழுத்தமாகத் தெரிந்தது.

நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்றார் ராமன். நீர் சிவப்பொளியை உறிஞ்சுவதற்கும் இதில் பெரும் பங்குண்டு என்பது இன்று தெரியும். அவர் விளக்கமும் இப்படித் திருத்தம் கண்டது. ஆனால் அந்தச் சிதறலை விடாமல் ஆராய்ந்த வழியில்தான் 1928 பிப்ரவரி 28 அன்று, சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கின் நிறம் மாறுவதான ராமன் விளைவு கண்ணில் பட்டது.