வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஊருக்கு வந்தால்: பணம் வரும் வழியும் அரசின் பங்கும்

குமரி மாவட்டத்துக்கு வெளிநாட்டு உதவி புதிதல்ல. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியும், நாகர்கோவில் வடசேரியில் இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) நடத்தும் கேதரின் பூத் ஆஸ்பத்திரியும் நூறு வருடத்துக்கு முன்பே கடல் கடந்து வந்த ஆட்களாலும் பணத்தாலும் வளர்ந்தவை. அது திருவிதாங்கூர் காலம். இன்று ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் குளச்சலிலோ பேச்சிப்பாறை காணிப் பழங்குடியினர் குடியிருப்பிலோ ஏதாவது செய்ய நினைத்தால், இரண்டு இடங்களைத் தாண்டி வர வேண்டும். பணத்துக்கு டெல்லி. நிலம், பயனாளி, வேலை இவற்றுக்கு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகமும் மாநிலத் துறைகளும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஊர் கமிட்டிகளிலும் சிறிய டிரஸ்டுகளிலும் பாதிச் சிக்கல் வருகிறது.

முதலில் பணம். வெளிநாட்டு நன்கொடைக்கான சட்டம் முதன்முதலாக 1976-ல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்; 2011 மே 1 முதல் அமலில் இருக்கிறது. எஃப்.சி.ஆர்.ஏ. என்றால் எல்லோருக்கும் தெரியும். இதை நடத்துவது மத்திய உள்துறை அமைச்சகம். மாவட்ட ஆட்சியருக்கோ மாநில அரசுக்கோ இந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் கிடையாது. அதனால் 'கலெக்டர் ஆபீஸில் ஆள் இருக்கிறார், எஃப்.சி.ஆர்.ஏ. வாங்கித் தருகிறேன்' என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

அனுமதி இரண்டு வகை. ஒன்று, பதிவு. டிரஸ்ட் அல்லது சொசைட்டி மூன்று ஆண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். கடந்த மூன்று நிதியாண்டுகளில் தன் வேலைக்காக, அலுவலகச் செலவு நீங்கலாக, 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். கிடைக்கும் பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். இன்னொன்று, முன் அனுமதி. புதிதாகத் தொடங்கிய அமைப்புகளுக்கு இதுதான் வழி. இன்ன நிறுவனம், இன்ன தொகை, இன்ன வேலை என்று நன்கொடையாளரின் உறுதிக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். அந்த ஒன்றுக்கு மட்டுமே அனுமதி வரும். எதுவானாலும் விண்ணப்பம் இணையத்தில்தான். தொண்டு நிறுவனங்கள் பதிவதற்கான நிதி ஆயோக்கின் தர்பண் இணையதளத்தில் பதிந்து வாங்கிய எண்ணும், நிர்வாகிகளின் ஆதாரும் தேவை.

பணம் வரும் கணக்கு நாடு முழுவதற்கும் ஒரே கிளையில்: பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளை. 2020 திருத்தத்தில் வந்த விதி இது. தக்கலையில் இருக்கும் அமைப்பு கணக்குத் திறக்க டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, பக்கத்தில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகவே முடிக்கலாம். பணம் அங்கே வந்து சேர்ந்த பிறகு உள்ளூர் வங்கிக் கணக்குக்கு மாற்றிச் செலவு செய்யலாம். ஆனால் அந்த டெல்லிக் கணக்கில் உள்ளூர் நன்கொடையோ அரசு மானியமோ ஒரு ரூபாய்கூடக் கலக்கக் கூடாது. வட்டி வந்தால் அதுவும் வெளிநாட்டுப் பணமாகவே கணக்கில் எழுதப்படும்.

நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதம் வரைதான் போகலாம். 2020-க்கு முன்பு இது 50 சதவீதமாக இருந்தது. ஆஸ்பத்திரி டாக்டரின் சம்பளமும் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் இந்த 20-க்குள் வராது, அவை வேலையின் செலவு. அலுவலக வாடகை, கணக்கர் சம்பளம், அலுவலக ஜீப்புக்கான டீசல் போன்றவைதான் இதில் அடங்கும். இன்னொரு விஷயம், பணம் மட்டும்தான் நன்கொடை என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் மருந்துப் பெட்டி, தையல் மெஷின், ஆம்புலன்ஸ் எல்லாமே இந்தச் சட்டத்தின் கண்ணில் நன்கொடைதான்.

சரி, யார் 'வெளிநாட்டு' நன்கொடையாளர்? வீட்டுக்கொருவர் வளைகுடாவில் இருக்கும் ஊர்களைக் கொண்ட நம் மாவட்டத்தில் அதிகம் குழம்பும் இடம் இதுதான். சட்டம் பார்ப்பது ஆள் எங்கே இருக்கிறார் என்பதை அல்ல, கையில் எந்த நாட்டு பாஸ்போர்ட் என்பதை. துபாயில் இருபது வருடம் இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, வங்கி வழியாக, ஊர் நூலகத்துக்கோ கோயில் மண்டபத்துக்கோ அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, எஃப்.சி.ஆர்.ஏ. தேவையில்லை. அவருடைய அண்ணன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்று வையுங்கள். அவர் அதே மண்டபத்துக்கு நூறு டாலர் அனுப்பினாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். பிறந்தது கருங்கலாக இருக்கலாம், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையும் இருக்கலாம், அதனால் மாற்றமில்லை. லண்டனில் இருக்கும் இந்தியர் ஒருவர் தன் சபையில் உள்ள ஆங்கிலேயர்களிடம் வசூலித்து அனுப்பினால், அது அவருடைய சேமிப்பு இல்லை; அதுவும் இந்த வலைக்குள் வரும். பங்குப் பேரவையும் சேகர கமிட்டியும் ஜமாத்தும் கோயில் கமிட்டியும் ரசீது எழுதும்போதே அனுப்பியவரின் பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் பின்னால் வரும் தலைவலி குறையும்.

வீட்டுக்கு அனுப்பும் பணம் வேறு. உறவினர் வெளிநாட்டுக் குடிமகனாக இருந்தாலும் வாங்கத் தடையில்லை. ஓர் ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் போனால் மூன்று மாதத்துக்குள் அமைச்சகத்துக்குத் தெரிவித்தால் போதும். 2022-க்கு முன் இந்த வரம்பு ஒரு லட்சமாக இருந்தது.

வாங்கவே கூடாதவர்களும் உண்டு. தேர்தல் வேட்பாளர், சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர், அரசியல் கட்சி, நீதிபதி, அரசு ஊழியர், செய்தியாளர் என்று பட்டியல் நீளும். 2020-ல் 'பொது ஊழியர்' என்பதையும் சேர்த்தார்கள். ஊரின் பொதுப் பணத்தைச் செலவிடும் அதிகாரம் உள்ளவர்கள் அதில் வந்துவிடுவார்கள். ஆகவே, வெளிநாட்டு அமைப்பு ஒன்று ஊர் நன்மைக்காகவே கொடுத்தாலும் ஊராட்சித் தலைவர் தன் பெயரில் வாங்கக் கூடாது.

யூனிசெஃப் போன்ற ஐ.நா. அமைப்புகளும் உலக வங்கியும் இந்தச் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடையாளர்கள் ஆகா. அவற்றின் பணத்துக்கு எஃப்.சி.ஆர்.ஏ. வேண்டியதில்லை.

இனி அரசோடு சேர்ந்து வேலை செய்வது. இதற்கு நம் மாவட்டத்தில் கிடைக்கும் பெரிய பாடம் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நடந்ததுதான். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடற்கரை முழுக்க அடிவாங்கியது. மணக்குடிப் பாலமே போய்விட்டது. அப்போது வெளிநாட்டு அரசுகள் நேரடியாகக் கொடுக்க வந்த நிவாரண உதவியை மத்திய அரசு ஏற்கவில்லை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் நிதியையும், தொண்டு நிறுவனங்கள் வழியாக வந்த உதவியையும் ஏற்றுக்கொண்டது. தொண்டு நிறுவனங்கள் இங்கே அத்தனை பெரிய வேலையில் இறங்கியதற்கு அது ஒரு காரணம்.

2005 ஜனவரி 13 அன்று தமிழக வருவாய்த் துறை 25-ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. தொண்டு நிறுவனமும் தனியார் நிறுவனமும் வீடு கட்டித் தரலாம். குறைந்தது 50 வீடு எடுக்க வேண்டும். வீடு ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், 300 முதல் 325 சதுர அடி என்பது கணக்கு. மாவட்ட ஆட்சியரோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வேலை தொடங்கும். அரசு நிலம் தரும், சாலையும் குடிநீரும் வடிகாலும் போடும். நிறுவனம் வீட்டைக் கட்டும். யாருக்கு வீடு என்ற பட்டியல் அரசு வழியாக உறுதியாகும். அதே ஆண்டு மார்ச் 30 தேதியிட்ட 172-ஆம் எண் அரசாணைப்படி வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். பட்டாவிலும் பத்திரத்திலும் பெண்ணின் பெயரைக் காண்பது அரிது என்றிருந்த கடற்கரையில், என் பார்வையில், கட்டிய சுவர்களைவிட அந்த ஒரு வரி பெரிய உதவி.

நாகப்பட்டினத்தில் இருந்ததுபோல இங்கேயும் கன்னியாகுமரி மறுவாழ்வு வள மையம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். எந்த ஊரில் யார் என்ன செய்கிறார்கள், எந்த ஊர் விட்டுப்போயிருக்கிறது என்று நிறுவனங்களுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் இடையே தகவல் போய்வர அது உதவியது. அந்த நேரத்தில் அது பெரிய விஷயம். இல்லாவிட்டால் சாலையோரத்து ஊருக்கு நாலு நிறுவனம் வந்து நிற்கும், உள்ளே தள்ளி இருக்கும் ஊருக்கு ஒன்றுகூட வராது. நிலம் கிடைப்பதுதான் இங்கே கடைசிவரை இழுபறி. வீட்டோடு வீடு ஒட்டி இருக்கும் குமரிக் கடற்கரையில் காலி நிலம் குறைவு, விலையும் அதிகம். கடலை விட்டுத் தள்ளிப் போக மீனவர்களுக்கும் மனமில்லை.

அந்த ஏற்பாட்டில் ஒரு முக்கியமான பகுதி இன்று சட்டப்படி முடியாது. அன்று பெரிய நிறுவனம் வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கும், அதில் ஒரு பகுதியை எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு உள்ள சிறிய உள்ளூர் அமைப்புக்குக் கொடுக்கும், வேலை ஊரில் நடக்கும். 2020 திருத்தம் சட்டத்தின் 7-ஆம் பிரிவை மாற்றி, வெளிநாட்டுப் பணத்தை வேறு எந்த அமைப்புக்கும் மாற்றிக் கொடுக்கக் கூடாது என்றது. கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் பதிவு பெற்றவர்களாக இருந்தாலும் கூடாது. இந்தத் திருத்தங்களை எதிர்த்த வழக்கில் 2022 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்க வேண்டும் என்ற அரசின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அடி விழுந்தது ஊர் அளவில் வேலை செய்யும் சின்னச் சங்கங்கள் மேல். மேற்குக் கடற்கரையில் நீரோடியையோ வள்ளவிளையையோ வீட்டுக்கு வீடு அறிந்த ஒரு சங்கத்துக்கு டெல்லிக் கணக்கும் தணிக்கையாளரும் வைத்துக்கொள்ள வசதி இருக்காது. வசதி இருக்கும் நிறுவனத்துக்கு ஊர் தெரியாது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல்போல இன்னொன்று வந்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் சின்னச் சங்கம் என்னதான் செய்யலாம்? பதிவு பெற்ற நிறுவனமே நேரடியாக ஊரில் வேலை செய்து, பயனாளி கையில் வலையோ கல்விக் கட்டணமோ கொடுப்பது செலவுதான், மாற்றிக் கொடுப்பது ஆகாது. அங்கே சங்கம் பட்டியல் சரிபார்க்கலாம், ஆள் திரட்டலாம், கண்காணிக்கலாம். அந்த நன்கொடைப் பணம் மட்டும் சங்கக் கணக்கைத் தொடக் கூடாது. இன்னொரு வழி, நேரே அந்த வெளிநாட்டு நிறுவனத்திடம் பேசி முன் அனுமதிக்கு விண்ணப்பிப்பது. பேரிடர் காலத்துக்கு முன்பே காகிதங்களைத் தயார் செய்து வைத்தவர்களுக்கே இது பயன்படும். உள்ளூர்ப் பணமே போதும் என்றால் 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது: ஊர் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போட்டு வேலையை முடிக்கும்.

கடற்கரையில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. துறைமுகத்துக்கு எதிராகவோ மீன்பிடி உரிமைக்காகவோ போராட்டத்தில் நின்றால் பதிவு போய்விடுமா? 2020 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கட்சி அரசியலில் ஈடுபடாத அமைப்பு பொதுக் காரணத்துக்காக மறியல், கடையடைப்பு போன்றவற்றை ஆதரித்தது என்பதற்காக மட்டும் அதை அரசியல் அமைப்பு என்று முத்திரை குத்த முடியாது. கட்சிக்கு வேலை செய்தால் அது வேறு கதை.

உங்கள் ஊருக்கு ஒரு நிறுவனம் வந்து 'வெளிநாட்டு நிதி வருகிறது' என்று கூட்டம் போட்டால் கேட்க வேண்டியதைக் கூசாமல் கேளுங்கள். எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எண் என்ன, எந்த ஆண்டு வரை செல்லும். அரசுத் துறையோடு ஒப்பந்தம் உண்டென்றால் நகல் எங்கே. அதில் நிலமும் பராமரிப்பும் யார் பொறுப்பு. பராமரிப்பை எழுதாமல் விட்ட கழிப்பறைகளும் தண்ணீர்த் தொட்டிகளும் எப்படிப் பூட்டிக் கிடக்கின்றன என்று எந்த ஊரிலும் பார்க்கலாம். குழந்தைகள் இல்லம் நடத்துகிறோம் என்றால் இளைஞர் நீதிச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். வெளிநாட்டுப் பணத்துக்கான அனுமதி அதற்கு ஈடாகாது.

பதிவு பெற்ற ஒவ்வொரு அமைப்பும் நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள், அதாவது டிசம்பர் 31-க்குள், ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். தணிக்கை செய்த கணக்கைத் தன் இணையதளத்திலோ அரசு சொல்லும் தளத்திலோ போட வேண்டும். அரசு மானியத்தில் பெருமளவு ஓடும் தொண்டு நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒப்பந்த நகலை மாவட்ட நிர்வாகத்திடமும் தகவல் உரிமை மனு போட்டுக் கேட்கலாம். நிலம், பட்டியல், பாதியில் நின்ற வேலை பற்றிய புகார் என்றால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். நன்கொடைப் பணத்தில் முறைகேடு என்றால் மத்திய உள்துறை அமைச்சகத்துக்கு எழுத வேண்டும். குற்றம் உறுதியானால் ஐந்து ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பதிவு ரத்தானால் மூன்று ஆண்டுகளுக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது.