கடிவாய்க்குள் போடும் ஊசியை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்

தோட்டத்திலிருந்து நாய்க்கடியோடு வருகிறவர்கள் பலர் காயத்தைக் கழுவாமலேயே வருகிறார்கள். மேலே மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருக்கும், சில நேரம் கோப்பித்தூள். அதையெல்லாம் எடுத்துவிட்டு, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதுதான் எங்களுடைய முதல் வேலை. லயத்துப் பீலித் தண்ணீரிலேயே இதைச் செய்துவிட்டுப் புறப்பட்டால் எவ்வளவோ நல்லது.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வரும். "கையில ஊசி போட்டாச்சுதானே டொக்டர், புண்ணுக்குள்ள வேற எதுக்கு?" பிள்ளை துடிப்பதைப் பார்க்கும் எந்தத் தாயும் கேட்பாள்.

கையில் போடுவது தடுப்பூசி. அது பிறபொருளெதிரிகளை உண்டாக்க உடம்பைத் தூண்டுகிறது. விசர்நாய்க்கடி வைரஸின் மேல் ஒட்டிக்கொண்டு, அதை நரம்புக்குள் நுழைய விடாமல் தடுக்கும் புரதங்கள் அவை. ஆனால் போதிய அளவு உண்டாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆழமான கடிக்கு, அதுவும் நரம்புகள் நெருக்கமாக உள்ள முகத்திலோ விரலிலோ பட்டால், அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. வைரஸ் மூளைக்குப் போய் நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

அந்த இடைப்பட்ட நாட்களுக்காகத்தான் கடிவாய்க்குள் போடுகிறோம். குதிரையின் அல்லது மனிதரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, ஆயத்தமாக உள்ள பிறபொருளெதிரி அது. ஓர் உடம்பில் உண்டான எதிர்ப்பை இன்னோர் உடம்புக்குக் கொடுக்கலாம் என்று 1890 இலேயே பேரிங், கிட்டசாட்டோ என்ற விஞ்ஞானிகள் விலங்குகளில் காட்டிவிட்டார்கள். அளவு உடல் எடையைப் பொறுத்தது: குதிரை மருந்து கிலோவுக்கு 40 அலகு, மனித மருந்து 20. வலிக்கும், உண்மைதான். குதிரை மருந்துக்கு ஒவ்வாமையும் வரலாம், அதனால்தான் போட்ட பிறகு உடனே வீட்டுக்கு விடுவதில்லை.

வெளியிலிருந்து வந்த இந்தப் புரதம் சில வாரங்களில் குறைந்துவிடும்; பிறகு தடுப்பூசியால் உடம்பே உண்டாக்கியதுதான் காக்க வேண்டும். எனக்குக் கவலை தருவது அதுதான். காயம் ஆறியதும், அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடுமே என்று அட்டையில் எழுதிய அடுத்த தடுப்பூசித் திகதிக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் எல்லாமே இலவசம், ஆனால் அந்தச் சம்பளம் அவர்களுக்குப் பெரிது என்று எனக்குத் தெரியும். தோட்ட நிர்வாகங்கள் அந்த நாட்களுக்கு முழுப் பேர் போட வேண்டும்.

முதல் நாள் கடிவாய் ஊசி விடுபட்டால், முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாட்களுக்குள் போடலாம். முன்பே முழுத் தடுப்பூசியும் போட்டவருக்குக் கடிவாய் ஊசி தேவைப்படாது. அதனால் பழைய அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள்.