கலீஃபா: சொல் விளக்கம்

துபாய்க் கோபுரத்தின் பெயரில் இருக்கிறது, பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் கிலாபத் இயக்கம் என்று வந்திருக்கிறது, ஆகவே கலீஃபா என்ற சொல் நமக்குப் புதிதல்ல. ஆனால் பொருள் என்ன என்று கேட்டால் "அரபு நாட்டு ராஜா" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அது தவறு. 1889-இல் பஞ்சாபில் தொடங்கிய அஹ்மதிய்யா என்ற மத இயக்கத்தின் வரலாற்றைப் படிக்கும்போது இந்தத் தவறு நம்மை ரொம்பவே குழப்பிவிடும்.

அரபியில் 'கல்ஃப்' என்றால் பின்புறம். கலீஃபா என்றால் பின்னால் வந்தவர், ஒருவர் விட்ட இடத்தில் நிற்பவர். நபிகள் நாயகம் 632-இல் மறைந்தபின் பொறுப்பேற்ற அபூபக்ர், இறைத்தூதருக்குப் பின்வந்தவர் என்ற பொருளில்தான் கலீஃபா ஆனார். அப்புறம் அந்தப் பதவியில் இருந்தவர்கள் பேரரசுகளை ஆண்டதால் மன்னர் என்ற நிறம் ஒட்டிக்கொண்டதே தவிர, சொல்லுக்குள் சிம்மாசனம் எதுவும் கிடையாது. உருதுவில் 'எதிராக' என்று பொருள்படும் 'கிலாஃப்' கூட இதே வேரில் கிளைத்ததுதான்.

நாடாளாத கலீஃபாக்களை நாமே பார்த்திருக்கிறோம். நாகூர் கந்தூரியில் சந்தனம் பூசுகிறவரைக் கலீஃபா என்றுதான் சொல்கிறோம். சூஃபி வழிகளில் குருவான ஷேக்கு தன் பொறுப்பை ஒப்படைக்கும் சீடரும் கலீஃபாதான்.

சரி, அஹ்மதிய்யாவுக்கு வருவோம். பஞ்சாபில் குர்தாஸ்பூர் மாவட்டத்துக் காதியான் ஊரைச் சேர்ந்தவர் மிர்ஸா குலாம் அஹ்மத். 1889 மார்ச் 23 அன்று லூதியானாவில் முதல் பைஅத், அதாவது கைபிடித்துச் செய்யும் உறுதிமொழி, வாங்கினார். அன்று சேர்ந்தவர்கள் 40 பேர். வாக்களிக்கப்பட்ட மஸீஹும் (மெசியா) மஹ்தியும் (கடைசிக் காலத்தில் வரும் வழிகாட்டி) தானே என்று பின்னர் அறிவித்தார். நபித்துவம் முகம்மது நபியோடு முடிந்தது என்று நம்பும் மற்ற முஸ்லிம்கள் இவருடைய உரிமைகோரலை நபி என்ற கோரிக்கையாகவே பார்த்து ஏற்கவில்லை, இன்றுவரை பகையின் மூலம் அதுதான். இயக்கத்துக்கு அஹ்மதிய்யா என்று 1900-இல் பெயரிட்டபோது, அது தன் பெயரைக் குறிப்பதல்ல, நபிகளின் இன்னொரு பெயரான அஹ்மத் என்பதைக் குறிப்பது என்று அவரே விளக்கினார்.

1908 மே 26 அன்று அவர் லாகூரில் இறந்தார். மறுநாளே பேஹ்ராவைச் சேர்ந்த மருத்துவர் ஹகீம் நூருத்தீனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜம்மு காஷ்மீர் மகாராஜாவிடம் அரண்மனை வைத்தியராக இருந்தவர் அவர். பதவிப் பெயர் 'கலீஃபத்துல் மஸீஹ்', மஸீஹுக்குப் பின்வந்தவர். ஆளுவதற்கு ஒரு சாண் நிலம்கூட இல்லாத பதவி, வேரில் இருந்த பொருளுக்கு இதைவிட நெருக்கமான பயன்பாடு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

1914-இல் நூருத்தீன் இறந்ததும் இயக்கம் உடைந்தது, அதுவும் பெரிய அளவில் இந்தச் சொல்லை வைத்துத்தான். நிறுவனருக்குப் பின்வந்தவர் யார், ஒரு ஆளா அல்லது ஒரு சபையா? நிறுவனர் 1905-இல் எழுதிய 'அல்-வஸிய்யத்' என்ற மரணசாசனத்தையே இரு தரப்பும் கையில் எடுத்தன. பொறுப்பு அஞ்சுமன் என்ற நிர்வாக சபையிடம் விடப்பட்டது என்றது மௌலானா முகம்மது அலி தலைமையிலான தரப்பு. அதில் சொல்லப்பட்ட "இரண்டாவது வல்லமை" கிலாஃபத்தை, அதாவது கலீஃபா பதவியைத்தான் குறிக்கிறது என்றது மறுதரப்பு. நிறுவனர் நபியா, மார்க்கத்தைப் புதுப்பிக்க வந்தவர் மட்டும்தானா என்ற சச்சரவும் கூடவே இருந்தது. முகம்மது அலி தரப்பு லாகூருக்குப் போய்த் தனி அமைப்பானது. அங்கே தலைவருக்குப் பெயர் அமீர், கலீஃபா இல்லை. காதியானில் நிறுவனரின் 25 வயது மகன் மிர்ஸா பஷீருத்தீன் மஹ்மூத் அஹ்மத் இரண்டாம் கலீஃபாவானார். 1965 வரை, 51 ஆண்டுகள். பிரிவினையில் காதியான் இந்தியாவில் நின்றுவிட, பாகிஸ்தானில் ரப்வா என்ற ஊரையே 1948-இல் புதிதாக எழுப்பியவர் இவர்.

மூன்றாமவர் மிர்ஸா நாஸிர் அஹ்மத். அவர் காலத்தில், 1974-இல், அஹ்மதிகள் முஸ்லிம்கள் அல்லர் என்று பாகிஸ்தான் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. நான்காமவர் மிர்ஸா தாஹிர் அஹ்மத் காலத்தில் சட்டம் சொற்களுக்குள்ளேயே நுழைந்தது. 1984 ஏப்ரல் 26 அன்று பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் ஜியாவுல் ஹக் பிறப்பித்த 20-ஆம் அவசரச் சட்டம், கலீஃபத்துல் முஃமினீன் (நம்பிக்கையாளர்களின் கலீஃபா), அமீருல் முஃமினீன் (நம்பிக்கையாளர்களின் தலைவர்), ஸஹாபி (நபித்தோழர்) போன்ற அடைமொழிகளை அஹ்மதிகள் தங்களவருக்குச் சூட்டினால் மூன்றாண்டு வரை சிறை என்றது. தொழும் இடத்தை மஸ்ஜித் என்று சொன்னாலும் அதே தண்டனை. ஒருவர் தன் தலைவரை என்ன சொல்லி அழைக்கலாம் என்பதைக் காவல் நிலையம் தீர்மானிப்பதை என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியவில்லை. சில நாட்களிலேயே தாஹிர் அஹ்மத் லண்டனுக்குப் போய்விட்டார், திரும்பவே இல்லை. 2003-இல் தேர்வான ஐந்தாமவர் மிர்ஸா மஸ்ரூர் அஹ்மதும் இங்கிலாந்தில்தான் இருக்கிறார்.

இனி தமிழில் எப்படிச் சொல்வது? 'வாரிசு' என்று எழுதுகிறார்கள். முதலாமவரைத் தவிர மற்ற நால்வரும் நிறுவனரின் மகன், பேரர்கள், கொள்ளுப்பேரன் என்பதால் பொருத்தமாகத்தான் தோன்றும். ஆனால் பதவி தேர்தல் குழு தேர்ந்தெடுத்து வருவது, வாரிசு என்றால் ரத்த உரிமை என்றாகிவிடும். 'வழித்தோன்றல்' என்பதிலும் அதே சிக்கல். குர்ஆன் தமிழாக்கங்கள் பலவற்றில் வரும் 'பிரதிநிதி', ஆதமைக் கலீஃபா என்று குறிக்கும் வசனத்துக்குப் பொருந்தும், ஆனால் பிரதிநிதி என்றால் அனுப்பியவர் இன்னும் இருக்கிறார் என்றல்லவா ஆகிறது? 'மன்னர்', 'பேரரசர்' இரண்டையும் விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது 'பின்வந்தவர்'. அரபு வேரில் இருக்கும் 'பின்' அப்படியே தமிழிலும் நிற்கிறது. பதவியாக எழுதும்போது 'பின்வந்த தலைவர்' எனலாம்.

எழுத்தில் கலீபா, கலிபா, கலீஃபா மூன்றும் புழங்குகின்றன, நெடில் 'லீ' இருப்பதுதான் அரபு உச்சரிப்புக்கு நெருக்கம். இன்னொன்று, காதியானி என்ற சொல்லை அவர்கள் இழிவாகவே உணர்கிறார்கள், தங்களை அஹ்மதிகள் என்றே சொல்கிறார்கள். ஆகவே செய்தியில் முதல் முறை 'அஹ்மதிய்யா ஜமாஅத்தின் தலைவரான ஐந்தாம் கலீஃபா' என்று எழுதிவிட்டு, அடுத்தடுத்த வரிகளில் கலீஃபா என்று மட்டும் சொன்னால் போதும்.