டிராப் ஆர்ம் நுனியில் ஒரு சொட்டு

இரவு நிறுத்திய பழைய லாரியைக் காலையில் எடுக்கப் போனால், வலது முன்சக்கரத்துக்கு உள்பக்கம் மண்ணில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்புக் கறை. குனிந்து பார்த்தால், ஸ்டீரிங் பாக்ஸிலிருந்து தொங்கும் டிராப் ஆர்ம் என்ற இரும்புக் கையின் நட்டு நுனியில் அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருக்கும். பவர் ஸ்டீரிங் உள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. "சீலு போயிருச்சு, மாத்தணும்" என்பதுதான் முதலில் வாயில் வரும். சீல் என்பது ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். அது சரிதான், ஆனால் சீல் ஏன் போனது என்று பார்க்காமல் மாட்டினால் புதுச் சீலும் சீக்கிரமே ஒழுகும்.

காரணம் புரிய, ஸ்டீரிங் பாக்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டிரைவர் ஸ்டீரிங்கைத் திருப்பும்போது உள்ளே திருகாணி போன்ற வார்ம் தண்டு சுழல்கிறது. அதன்மேல் மரை போட்ட பெரிய பிஸ்டன் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள் வரிசையாக உருண்டு, ஒரு குழாய் வழியே திரும்பத் தொடக்கத்துக்கே வருகின்றன. உராய்வு குறைந்து ஸ்டீரிங் இலகுவாவது இந்தக் குண்டுகளால்தான். பிஸ்டனின் பக்கவாட்டுப் பற்கள், குறுக்கே நிற்கும் செக்டார் ஷாஃப்ட் என்ற தண்டின் பற்களோடு கவ்வியிருக்கும். பிஸ்டன் நகர்ந்தால் செக்டார் ஷாஃப்ட் திரும்பும். அதன் வெளிமுனையில்தான் டிராப் ஆர்ம் இருக்கிறது. அது டிராக் லிங்க் என்ற இணைப்புக் கம்பியைத் தள்ள, சக்கரம் திரும்புகிறது.

பிஸ்டனைத் தள்ள டிரைவரின் கை மட்டும் போதாது. அங்கே ஆயில் உதவிக்கு வருகிறது. மேல்பக்கம் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று இருக்கிறது, டார்ஷன் பார் என்பார்கள். சக்கரம் திரும்ப முரண்டு பிடிக்கும்போது இந்தக் கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்ளும். அந்தச் சிறு முறுக்கே வால்வைத் திறந்து, பம்ப் தள்ளும் ஆயிலை பிஸ்டனின் ஒரு பக்கத்துக்கு அனுப்புகிறது. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 78 சதுர செ.மீ. அதன்மேல் 100 பார் அழுத்தம் விழுந்தால் தள்ளும் விசை ஏறக்குறைய 8 டன். முழு லோடு ஏற்றிய லாரியை நின்ற இடத்திலேயே திருப்பும்போது, கால்மாட்டில் இருக்கும் அந்த இரும்புப் பெட்டிக்குள் இவ்வளவு பெரிய விசை வேலை செய்கிறது. ஒரு ரப்பர் வளையம்தான் அந்த ஆயிலை வெளியே விடாமல் பிடித்திருக்கிறது.

இந்தப் பவர் ஸ்டீரிங்குக்கு வழி வகுத்தவர் அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவுப் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ். கனரக வண்டிகளைத் திருப்ப டிரைவர்கள் படும் பாடு அவருக்கு நன்றாகவே தெரியும். 1926-இல் ஒரு காரில் தன் பவர் ஸ்டீரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். விற்பனைக்கு வந்த கார்களில் அது இடம்பிடிக்க 1951 ஆனது. கிரைஸ்லர் இம்பீரியலில்தான் முதலில் வந்தது. டேவிஸின் யோசனையில் எனக்கு மிகவும் பிடித்தது, வால்வு எப்போதும் திறந்தே இருப்பதுதான். நேராகப் போகும்போது ஆயில் தடையில்லாமல் சுற்றி வந்துகொண்டிருக்கும், அழுத்தம் மிகக் குறைவு. திருப்பும்போது மட்டும் அழுத்தம் எகிறும். நேரான சாலையில் காய்ந்து கிடக்கும் பாக்ஸ், லோடு இறக்கும் இடத்தில் வண்டியை முன்னும் பின்னும் திருப்பும்போது ஒழுகுவது இதனால்தான்.

இப்போது சீலுக்கு வருவோம். நைட்ரைல் ரப்பரில் செய்த மெல்லிய உதடு ஒன்று ஷாஃப்டை வளைத்துப் பிடித்திருக்கும். உதட்டுக்கும் எஃகுக்கும் நடுவே மிக மெல்லிய ஆயில் படலம் உண்டு. அது இல்லாவிட்டால் ரப்பர் உரசித் தேய்ந்துவிடும். படலம் தடித்துவிட்டால் அதுவே கசிவு. எனவே ஷாஃப்ட் சீலின் நட்ட நடுவில் நிற்க வேண்டும். அதை நடுவில் நிறுத்துவது சீல் அல்ல, அதற்கு உள்ளே இருக்கும் பேரிங்.

இதை நான் தெரிந்துகொண்டது மாமாவின் பழைய லாரியால். ஒரே வருடத்தில் இரண்டு முறை சீல் மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை. மூன்றாவது முறை வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த வயதான மெக்கானிக் ஸ்பானரைத் தொடவே இல்லை. வண்டிக்கடியில் படுத்து, டிராப் ஆர்மை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார். "இங்க வந்து பாருங்க தம்பி" என்று டார்ச்சை அடித்தார். ஆர்ம் அசையும்போதெல்லாம் ஷாஃப்டும் சீலும் சேரும் இடத்தில் ஒரு பக்கம் பிறை நிலா போலக் கீற்றாகத் திறந்து மூடியது. திறந்தபோது அதில் ஆயில் பளபளத்தது. பேரிங் தேய்ந்து ஷாஃப்ட் ஆடினால் எந்தச் சீலாலும் ஆயிலைப் பிடித்துவைக்க முடியாது.

ஆனால் கீழே சொட்டுகிறது என்பதால் கோளாறும் கீழேதான் என்று முடிவு கட்டக் கூடாது. மேல்பக்க இன்புட் சீலோ, ஹோஸ் இணைப்போ, ஆயில் டப்பாவோ கசிந்தாலும் ஆயில் பாக்ஸின் உடம்பில் வழிந்து கடைசியில் ஆர்ம் நுனியில்தான் வந்து நிற்கும். முதலில் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் திருப்ப, இன்னொருவர் பார்க்க வேண்டும். கடைசிவரை திருப்பிச் சில விநாடிக்கு மேல் பிடித்து வைக்க வேண்டாம், ஆயில் அதிகமாகச் சூடேறிவிடும். ஹோஸில் ஊசித்துளை இருக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் தயவுசெய்து கையால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். அப்படி நடந்தால் வலி தெரியாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். ஓர் அட்டையை நீட்டிப் பார்த்தாலே போதும்.

டிராப் ஆர்மைக் கழற்றும் முன், ஆர்மிலும் ஷாஃப்டிலும் நேருக்கு நேர் ஒரு பஞ்ச் அடையாளம் வைக்க வேண்டும். அதன்பின் புல்லர் என்ற இழுத்துக் கழற்றும் கருவியைப் போட்டுத்தான் கழற்ற வேண்டும். சம்மட்டியால் அடித்தால் அந்த அடி ஷாஃப்ட் வழியே உள்ளே போய், வார்ம் தடத்தில் குண்டுகள் அழுத்திப் பள்ளம் விழ வைக்கலாம். கேஸ் வெல்டிங் தீயில் சூடாக்கினாலோ எஃகின் பதம் கெட்டுவிடும், பக்கத்தில் இருக்கும் சீலும் கருகிவிடும்.

ஷாஃப்ட் வெளியே வந்ததும், சீல் உரசும் இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. எமரி பேப்பரால் தேய்த்து மழுப்பினால் விட்டம் குறையும், கசிவு கூடும். அந்த ஷாஃப்டை மாற்றத்தான் வேண்டும். பள்ளம் இல்லை, பற்கள் நன்றாக இருக்கின்றன, பேரிங் மட்டும் தேய்ந்திருக்கிறது என்றால் பேரிங்கும் சீல் கிட்டும் போட்டால் போதும். வார்ம் தடம் உரிந்திருந்தாலோ, பிஸ்டன் ஓடும் உள்சுவரில் கீறல் இருந்தாலோ செலவைப் பார்க்காமல் பாக்ஸையே மாற்றிவிடுவதுதான் சரி என்பது என் கருத்து. கீறல் வழியே ஆயில் உள்ளுக்குள்ளேயே நழுவும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது, ஸ்டீரிங் மட்டும் கனத்துக்கொண்டே போகும். கசிவை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்பது ரப்பரைக் கொஞ்ச நாளைக்கு உப்ப வைக்கும், அவ்வளவுதான். தேய்ந்த பேரிங்கை அது ஒன்றும் செய்யாது.

மேலே இருக்கும் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவில் தவறு செய்பவர்கள் அதிகம். செக்டார் பற்களின் நடுப்பகுதி இறுக்கமாகக் கவ்வும்படி அமைத்திருப்பார்கள், நேராகப் போகும்போது பிளே (தளர்வான ஆட்டம்) இருக்கக் கூடாது என்பதற்காக. ஸ்டீரிங்கைக் கோணலாக வைத்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீரிங் தானாகத் திரும்பி வராது. நடுவில் வைத்து, கம்பெனி சொன்ன அளவுக்கு மட்டுமே இறுக்க வேண்டும்.

பாக்ஸை மாட்டிய பிறகு, பழைய ஆயிலையும் டப்பாவின் ஃபில்டரையும் மாற்றி, முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினைப் போடாமலேயே ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் மெதுவாகப் பலமுறை திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழி வருவது நின்ற பிறகே எஞ்சினைப் போட வேண்டும். பல லாரி பாக்ஸ்களில், சக்கரம் கடைசிக்கு வரும் முன்பே அழுத்தத்தை இறக்கிவிடும் லிமிட் வால்வு உண்டு. புது பாக்ஸ் போட்டதும் அதை அந்த வண்டியின் ஆக்சில் ஸ்டாப்புக்கு (சக்கரம் அதற்குமேல் திரும்பாமல் தடுக்கும் முட்டுக்கு) ஏற்ப செட் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு முழுத் திருப்பத்திலும் பம்பின் உச்ச அழுத்தம் புதுச் சீல்மேல் விழும்.

மாமாவின் லாரிக்கு பேரிங், சீல், செக்டார் ஷாஃப்ட் மூன்றையும் மாற்றினார் அந்த மெக்கானிக். ஒரு வாரம் கழித்து வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, அடியில் படுத்து, வெள்ளைத் துணியால் டிராப் ஆர்ம் நட்டைச் சுற்றித் துடைத்து எடுத்துக் காட்டினார். துணியில் புழுதி மட்டுமே இருந்தது.